விருந்தும் சுற்றமும்: கம்பம் பள்ளத்தாக்கின் கோடை இல்லறம் எழுப்பும் ஓர் அறக்கேள்வி

தமிழ் அறநூல்கள் இல்வாழ்க்கையின் பயனை விருந்தோம்பலில் வைத்துப் பேசுகின்றன. பொருள் ஈட்டுவதும், ஈட்டியதைக் காப்பதும், மனைவி மக்களோடு கூடி வாழ்வதும் வந்தவர்க்குச் சோறிட்டு உதவுவதற்காகவே என்பது திருக்குறளில் விருந்தோம்பல் அதிகாரத்தின் முதற்குறள் கொள்ளும் நிலை. வருகிறவர் முன்பின் அறியாதவராக இருந்தால், அவரை உபசரிப்பது அறம் என்பதில் யாருக்கும் ஐயம் எழாது. ஆனால் வருகிறவர் மகளும் மருமகனுமாகவோ, கொழுந்தன் குடும்பமாகவோ, அடுத்த ஆண்டு இதே உபசாரத்தைத் திருப்பிச் செய்யப்போகும் சம்பந்தி வீட்டாராகவோ இருந்தால், அவர்களுக்கு இடும் சோற்றை அறக் கணக்கில் சேர்ப்பதா, உறவுக் கணக்கில் சேர்ப்பதா என்பது எளிதில் விடை காணக்கூடிய கேள்வியன்று. தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு இக்கேள்வியை ஆண்டுதோறும் சித்திரை, வைகாசி மாதங்களில் வீடு வீடாக எழுப்புகிறது. வேறு எந்தப் பருவத்திலும் அங்குள்ள வீடுகள் இந்த அளவுக்கு நிறைவதில்லை.

இந்த நிறைவுக்குக் காரணம் பாதி நீரிலும் பாதி தெய்வத்திலும் இருக்கிறது. 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையின் நீரைக்கொண்டு, கூடலூர் தொடங்கி உத்தமபாளையம், சின்னமனூர் வழியாக வீரபாண்டி வரை, 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது. முதல் போகத்துக்குப் பெரும்பாலும் ஜூன் முதல் வாரத்தில்தான் நீர் திறக்கப்படும் என்பதால், இரண்டாம் போக அறுப்புக்கும் அடுத்த நாற்றங்காலுக்கும் இடையே வயல் ஓய்கிறது. திராட்சைத் தோட்டக்காரர்க்கு இந்த ஓய்வு கிடையாது என்றாலும், நெல் விவசாயிகளின் வீடுகளில் ஆள்கள் கை ஓய்ந்து இருக்கும் காலம் இதுவே. பள்ளிகளுக்கும் விடுமுறை. வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலின் எட்டு நாள் திருவிழாவும் சித்திரையில்தான் வருகிறது. கோயில் முன் நடப்பட்ட மூன்று கிளைகள் கொண்ட கம்பத்துக்கு முல்லையாற்று நீரை மொண்டு வந்து ஊற்றவும், தீச்சட்டி எடுக்கவும், வெளியூருக்குப் பிழைக்கப் போனவர்களெல்லாம் சொந்த ஊருக்குத் திரும்புகிறார்கள். அதே மாதத்து முழுநிலவு நாளில், ஆண்டில் அந்த ஒரே நாள் மட்டும், தமிழக, கேரள எல்லை மலைமேல் உள்ள மங்கலதேவி கண்ணகி கோயிலில் வழிபாடு நடக்கிறது. பளியங்குடியிலிருந்து காட்டு வழியாக நடந்து ஏறுகிறவர்களும், குமுளியிலிருந்து ஜீப்பில் போகிறவர்களும் முந்தின இரவைப் பள்ளத்தாக்கில் ஏதாவது ஓர் உறவினர் வீட்டில் கழிப்பது வழக்கம்.

வருகை தொடங்கும் முன்பே வீட்டு வேலை தொடங்கிவிடுகிறது. சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது, ஓட்டுக்கூரையில் உடைந்த ஓடுகளை மாற்றுவது, போடிப் பக்கத்து இலவ மரங்களின் காய் வெடித்துப் பஞ்சு மலிவாகக் கிடைக்கும் சமயம் பார்த்து, தட்டையாகிப்போன தலையணைகளைப் பிரித்துப் புதுப்பஞ்சு அடைப்பது ஆகியவை பங்குனிக் கடைசியிலேயே நடக்கும். விருந்தினர் வந்த பிறகு நடக்கும் வேலை கூழ்வத்தல். அரிசி மாவைப் பச்சை மிளகாய் விழுதும் சீரகமும் சேர்த்து விடியுமுன் கூழாகக் கிண்டி, காய்ந்தபின் கரிக்கும் என்பதால் உப்பைக் கையடக்கிப் போட்டு, மொட்டை மாடியில் விரித்த ஈர வேட்டியின்மேல் கரண்டி கரண்டியாக ஊற்றுவார்கள். மாலையில் வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் நீர் தெளித்து, ஒவ்வொன்றாக உரித்தெடுத்து மறுநாள் மீண்டும் காயவைப்பார்கள். காக்கை விரட்டுவது விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளைகளின் பொறுப்பு. இந்தச் சிறு வேலைகள் இக்கட்டுரையின் கேள்விக்குப் புறம்பானவையல்ல என்பது பின்னர் விளங்கும்.

கேள்வியின் நூல் அடிப்படையை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். திருக்குறளின் இல்வாழ்க்கை அதிகாரம் இல்லறத்தான் பேண வேண்டிய ஐவரைப் பட்டியலிடுகிறது: மறைந்த முன்னோராகிய தென்புலத்தார், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், தான். விருந்தும் சுற்றமும் இங்கே அடுத்தடுத்து நின்றாலும் இரு வேறு இடங்களாகவே எண்ணப்படுகின்றன. நூலின் அமைப்பும் இந்தப் பிரிவை உறுதிப்படுத்துகிறது. விருந்தோம்பல் ஒன்பதாம் அதிகாரமாக அறத்துப்பாலில் நிற்க, உறவினரைத் தழுவிக்கொள்வதைக் கூறும் சுற்றந்தழால் ஐம்பத்து மூன்றாம் அதிகாரமாகப் பொருட்பாலில், அரசனுக்கு உரிய பண்புகளிடையே வைக்கப்பட்டிருக்கிறது. சுற்றத்தைப் பேணுவது ஒருவனுக்கு வலிமை தருவது, அவனுடைய செல்வத்தின் பயனாக அமைவது. ஆகவே அது நல்லொழுக்கம் மட்டுமன்றி நல்ல உத்தியும்கூட என்னும் கருத்து இவ்வைப்பு முறையில் அடங்கியிருக்கிறது. ஆயினும் உரையாசிரியர் பரிமேலழகர், இந்த ஐவரைக் கூறும் குறளின் உரையில், முன்பே அறிமுகம் உள்ளதால் ஒருவரைக் குறித்து வருகிறவர், அறிமுகமின்றி வருகிறவர் என விருந்தினரை இருவகைப்படுத்துகிறார். அறிமுகம் உள்ளவரும் விருந்தினர் ஆகலாம் என்றால், உறவு என்ற ஒரே காரணத்தால் ஒருவரை விருந்துக் கணக்கிலிருந்து விலக்கிவிட இயலாது.

சிக்கலைக் கூர்மையாக்குவது ஈகை அதிகாரத்தின் முதற்குறள். இல்லாதவர்க்குக் கொடுப்பதே ஈகை, பிறவெல்லாம் குறியெதிர்ப்பையின் தன்மை உடையன என்று அது தீர்ப்புக் கூறுகிறது. குறியெதிர்ப்பை என்பது அரிசியோ மாவோ அளந்து கடனாக வாங்கி, அதே அளவில் திருப்பிக் கொடுக்கும் கைமாற்று. இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால் தென்மாவட்டங்களின் செய்முறை வழக்கம் முழுவதும் குறியெதிர்ப்பையே ஆகும். காதுகுத்தோ, பூப்பு நீராட்டோ, கல்யாணமோ எதுவாயினும், யார் எவ்வளவு செய்தார் என்பது நோட்டில் எழுதப்படுகிறது. அவர் வீட்டு விசேஷத்தில் அதைவிடச் சற்றுக் கூட்டித் திருப்பாவிட்டால் பேச்சு எழுகிறது. பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மோஸ் 1925-இல் வெளியான கொடை பற்றிய ஆய்வில், பல சமூகங்களில் கொடுப்பதும், பெறுவதும், திருப்பித் தருவதும் ஆகிய மூன்றுமே கடமைகளாக இருப்பதை எடுத்துக்காட்டினார். அவர் ஆராய்ந்தவற்றுள் தூரத்துத் தீவுகளின் வழக்கங்களும் உண்டு. ஆனால் அவற்றின் விதிகள் தேனிப் பக்கத்து மொய் நோட்டுக்கும் அப்படியே பொருந்துகின்றன.

எனினும் கோடையில் வந்து தங்குகிறவர்க்குச் செய்யப்படும் எல்லாம் நோட்டில் ஏறுவதில்லை. பணமும் பாத்திரமும் புடவையும் எண்ணப்படுகின்றன. வெக்கையில் மின்விசிறிக்கு நேரே உள்ள இடத்தைப் பிறர்க்கு விட்டுவிட்டுத் திண்ணையில் படுப்பதும், குழாயில் நீர் வராத நாளில் வந்தவர் குளித்த பின் எஞ்சிய நீரில் குளிப்பதும், ஒரே கதையை மூன்றாம் முறை சொல்லும் பெரியவரின் பேச்சுக்கு முகம் சுளிக்காமல் தலையாட்டுவதும் எந்த நோட்டிலும் எழுதப்படுவதில்லை. விருந்தளிப்பவரின் முகம் மாறினாலே விருந்தினர் வாடிவிடுவர் என்று விருந்தோம்பல் அதிகாரத்தின் இறுதிக் குறள் கூறுவதற்கு இங்கே விளக்கம் கிடைக்கிறது. பொருளை அளந்து திருப்பலாம். முகமலர்ச்சியைத் திருப்பித் தர அளவு கிடையாது. ஆகவே உறவினர்க்கு இடும் சோறு குறியெதிர்ப்பையாகவே இருந்தாலும், அந்தச் சோற்றைச் சூழ்ந்து நிற்கும் இடம், பொழுது, பொறுமை ஆகியவை கணக்கிற்கு வெளியே நிற்கின்றன. உறவுக்குச் செய்யும் உபசாரத்தில் அறம் என்று ஏதேனும் இருந்தால் அது இந்த எண்ணப்படாத பகுதியில்தான் இருக்க முடியும்.

இப்பகுதிக்கும் ஓர் எல்லை உண்டு. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது தமிழ்நாட்டில் வழங்கும் பழமொழி. விருந்தோம்பல் மூன்று நாள், அதற்குமேல் செய்வது தருமம், விருந்தளிப்பவர்க்குச் சுமையாகும்வரை தங்குவது தகாது என்று நபிமொழியும் வரையறுக்கிறது. உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் அடுத்தடுத்து வாழும் இந்துக் குடும்பங்களும் இசுலாமியக் குடும்பங்களும் இந்த மூன்று நாள் கணக்கில் ஒரே நிலையில் இருப்பது தற்செயல் என்று கொள்ளத் தேவையில்லை. ஒரு வீடு தன் இயல்பை நிறுத்தி வைத்துப் பிறர்க்காக நடப்பதற்கு மனித உடல் தாங்கும் காலம் ஏறக்குறைய அவ்வளவே. ஆனால் பள்ளி விடுமுறைக்கு வந்த மகள் மூன்று நாளில் திரும்புவதில்லை, ஒரு மாதம் இருக்கிறாள். நான்காம் நாள் காலையில் அவள் தானாகவே முறத்தை எடுத்து அரிசியில் கல் பொறுக்கத் தொடங்குகிறாள். மருமகன் விடுபட்ட ஓடுகளை மாற்ற ஏணி பிடிக்கிறார். செருமானிய மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட் 1795-இல் வெளியிட்ட நிலையான அமைதி பற்றிய நூலில், அயலார் ஒருவர் பகையாக நடத்தப்படாமல் வந்துபோகும் உரிமையையும், ஒரு வீட்டில் சில காலம் அவ்வீட்டாராகவே தங்கும் உரிமையையும் வேறுபடுத்தி, பின்னதற்குத் தனி உடன்பாடு வேண்டும் என்றார். அவர் பேசியது நாடுகளைப் பற்றி. பள்ளத்தாக்கின் வீடுகளில் அந்த உடன்பாடு வாய்விட்டுப் பேசப்படாமல், கையில் எடுக்கும் வேலையால் எழுதப்படுகிறது. உழைப்பில் பங்கேற்கும்போது விருந்தினர் வீட்டாராகிறார். பங்கேற்காமலே தங்குகிறவர் பிறருடைய அறத்தைச் செலவழிக்கிறவராகிறார்.

மலைமேல் கோயில் கொண்ட கண்ணகியின் கதை இவ்விடத்தில் நேரடியாக உதவுகிறது. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில், மதுரைப் புறஞ்சேரியின் ஆயர்பாடியில், கோவலன் தன் பிழைகளை நினைத்து வருந்தும்போது கண்ணகி அவனுக்குச் சொல்லும் மறுமொழியில், அவன் பிரிவால் தான் இழந்தவற்றைக் கூறுகிறாள்: அறவோர்க்குக் கொடுப்பது, அந்தணரையும் துறவியரையும் பேணுவது, விருந்தினரை எதிர்கொள்வது. தன் தனிமையையோ செல்வம் கரைந்ததையோ அவள் முதன்மைப்படுத்தவில்லை. கம்பராமாயணத்திலும் அசோகவனத்துச் சீதை, விருந்தினர் வந்தால் இராமன் என்ன செய்வானோ என்று எண்ணி விம்முகிறாள். இரு காப்பியங்களிலும் விருந்தோம்பல் கணவன் மனைவி இருவரும் கூடியிருந்தால் மட்டுமே நிகழும் செயலாக, பிரிவின் துயரை அளக்கும் அளவையாக நிற்கிறது.

கண்ணகி இந்த மறுமொழியைச் சொல்லும் இடம் கவனிக்கத்தக்கது. அவள் அப்போது இடைக்குல மூதாட்டி மாதரியின் வீட்டில் விருந்தினள். வந்தவர்கள் சாவக நோன்பினர், அதாவது சமண சமயத்து இல்லறத்தார்க்குரிய ஒழுக்கம் உடையவர்கள் என்பதால், அவர்களே சமைத்துக்கொள்ள நல்ல கலங்களும், வெள்ளரிக்காய், மாதுளங்காய் முதலிய காய்களும், மாம்பழமும், அரிசியும், பாலும் நெய்யும் தரப்படுகின்றன. வளைந்த அரிவாளால் காய் அரிந்து கண்ணகியின் மெல்விரல்கள் சிவக்கின்றன, அடுப்பங்கரையில் முகம் வியர்க்கிறது, கண் சிவக்கிறது. மாதரியின் மகள் ஐயை வைக்கோலால் தீ மூட்டித் துணை நிற்கிறாள். அந்த ஐயை கண்ணகிக்கு நாத்தனார் என்னும் முறையிலேயே சுட்டப்படுகிறாள். முன்பின் அறியாத வீட்டில் ஒரே நாளில் உறவுமுறை பிறந்துவிடுகிறது. தன் சொந்த வீட்டில் விருந்தோம்பும் வாய்ப்பை இழந்தவள், பிறர் வீட்டு அடுப்பில் தன் கணவனுக்கே விருந்தளிக்கிறாள். விருந்தினரைத் தன் உணவுமுறைக்கு வளைப்பதைவிட, அவர் தம் நெறிப்படி உண்ண இடமும் கலமும் தருவதே மாதரி செய்த உபசாரம் என்பதும், விருந்துக்கும் சுற்றத்துக்கும் இடையே உள்ள கோடு பிறப்பால் மட்டும் இடப்படுவதன்று என்பதும் இக்காட்சியிலிருந்து பெறத்தக்க முடிவுகள்.

இதே காட்சி ஒரு தடையையும் எழுப்புகிறது. சிவந்த விரல்கள் கண்ணகியுடையவை, கோவலன் உண்கிறான். கோடை விருந்தின் புண்ணியம் வீட்டுத் தலைவனின் பெயரில் சேர, அதன் வெக்கை முழுவதும் பெண்களின் உடலில் இறங்குவது இன்றும் மாறிவிடவில்லை. விடியுமுன் ஜீப் ஏறிக் கேரள மலையின் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண்ணின் வீட்டில் விருந்தினர் வந்தால், அப்பெண்ணுக்குக் கூலி இழப்பு ஒருபுறம், இரட்டிப்புச் சமையல் மறுபுறம். பிறருடைய உழைப்பை எடுத்துத் தன் அறமாகக் காட்டுவது அறம் ஆகாது என்னும் தடை வலுவானது. அதற்கு மரபுக்குள்ளேயே விடை இருக்கிறது. பெரியபுராணத்தில் இளையான்குடி மாற நாயனார் வீட்டுக்கு மழை பெய்யும் நள்ளிரவில் அடியார் ஒருவர் வருகிறார். பகலில் விதைத்த நெல்லை வாரிக் கொண்டுவரலாம் என்ற வழியைச் சொல்பவர் மனைவி. இருட்டில் காலால் வழி தடவிச் சென்று விதையைக் கூடையில் வாரிச் சுமந்து வருபவரும், விறகில்லாதபோது கூரையின் கழியை அறுத்துத் தருபவரும், குழியில் முளைத்த கீரையைப் பறித்து வருபவரும் கணவர். கழுவி, வறுத்து, குற்றி, சமைப்பவர் மனைவி. சேக்கிழார் அந்த இரவின் வேலைகளை இருவர் கைகளுக்கும் பிரித்தே பாடியிருக்கிறார். இருவரும் ஈரமான பிறகே விருந்து நடக்கிறது.

உறவினரோடு முடிந்துவிடும் விருந்தோம்பல் போதுமா என்ற கேள்வி இன்னும் மீதமிருக்கிறது. கோடையில் இப்பள்ளத்தாக்கின் வீடுகளுக்கு அழைக்கப்படாத ஒருவரும் வருவதுண்டு. ஒருவருக்கு அம்மை கண்டால் ஆத்தா வந்திருக்கிறாள் என்கிறார்கள். வாசலில் வேப்பிலை செருகி, தாளிப்பதை நிறுத்தி, வீட்டாரின் பேச்சும் நடையும் அடங்க, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை நோயையே வந்திருக்கும் தெய்வமாகப் பாவித்து நடக்கிறார்கள். அப்போது உறவினரும் வாசலோடு நின்றுவிடுகிறார்கள். பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்துவிட்டதாக 1980-இல் அறிவிக்கப்பட்டுவிட்டது. சின்னம்மைக்கு மருத்துவரிடம் போகிறார்கள். ஆனால் வேப்பிலை செருகும் வழக்கம் நிற்கவில்லை. விரும்பி அழைக்காததையும் மரியாதையோடு எதிர்கொண்டு, தகுந்த நாளில் தகுந்த முறையில் வழியனுப்புவது என்ற விருந்தோம்பலின் இலக்கணத்தை இந்த வழிபாடு கடைசி எல்லைவரை கொண்டுசெல்கிறது. தாங்கமுடியாத நோயை இவ்வாறு வரவேற்கத் தெரிந்த அதே வீடுகளில்தான், பக்கத்துத் தெருவிலிருந்து வந்த மனிதரை அவர் சாதி தெரிந்ததும் திண்ணையைத் தாண்ட விடாத வழக்கமும் நெடுங்காலம் இருந்தது. விருந்தோம்பலைப் போற்றும் மரபு இந்த முரணுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது. வடலூரில் 1867-ஆம் ஆண்டு மே 23 அன்று, அதாவது இதே கோடையில், இராமலிங்க அடிகள் தொடங்கிய சத்திய தருமச்சாலை, பசித்து வந்தவரைச் சாதி, சமயம் கேளாமல் உண்பிக்கும் அந்தப் பதிலை நிறுவனமாகவே ஆக்கிக் காட்டியது.

எனவே முதலில் எழுப்பிய கேள்விக்குப் பகுதி பகுதியாகவே விடை கூற முடிகிறது. உறவினர்க்குச் செய்வதில் எண்ணித் திருப்பத்தக்க பகுதி குறியெதிர்ப்பை. அதில் இழிவு ஒன்றுமில்லை, ஆனால் அதை அறம் என்று பெருமை கொள்ளவும் இடமில்லை. எண்ணப்படாத பகுதி அறமாகலாம். அதன் சுமை வீட்டார் அனைவராலும் சுமக்கப்படும்போதுதான் அது அறமாகிறது. இவற்றுக்கும் மேலாக, உறவினர் வருகை அயலார் வருகைக்கு ஒரு முன்னேற்பாடு என்பதைக் கோடை வீட்டு வேலைகள் காட்டுகின்றன. பத்துப் பேர் கூடிச் சித்திரையில் ஊற்றிய வத்தலை அந்தப் பத்துப் பேரே தின்று தீர்ப்பதில்லை. ஐப்பசி மழையில், காய்கறி வாங்க வழியில்லாத இரவில், சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பவருக்கு இரசச் சோற்றுடன் பொரித்துத் தரப்படுவது அதுதான். உறவுக்காக அடித்த சுண்ணாம்பும் அடைத்த தலையணையும் உறவு போன பிறகும் இருக்கின்றன. வந்த விருந்தை அனுப்பிவிட்டு வரும் விருந்தை எதிர்நோக்கி இருப்பவனைக் குறள் உயர்த்திப் பேசுவது இந்தத் தொடர்ச்சியைக் கருதியே என்று கொள்வது பொருந்தும். சுற்றத்தைப் பேணுவது விருந்தோம்பல் ஆகிவிடாது, அதற்கான பயிற்சியும் சேமிப்பும் ஆகும். பயிற்சி பெற்ற வீடு, சேமிப்புள்ள வீடு, உறவுமுறை சொல்ல இயலாத ஒருவர் வாசலில் நிற்கும்போது என்ன செய்கிறது என்பதைக்கொண்டே அதன் இல்லறம் மதிப்பிடப்பட வேண்டும்.